வகுப்பறைச் சுவரில் கணக்குச் சொற்கள்: தொடக்க வகுப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். தேர்வுத் தாளில் "32இன் முன்னி யாது?" என்ற கேள்விக்கு நேரே இடம் காலியாக இருந்தது. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "32க்கு முன்னாடி என்ன எண் வரும் தம்பி?" என்று கேட்டேன். "31 டீச்சர்" என்றான், யோசிக்கவே இல்லை. "அப்புறம் ஏன் எழுதல?" என்றேன். "முன்னின்னா என்னன்னு தெரியல டீச்சர். யாதுன்னாலும் தெரியல."

அவனுக்குக் கணக்கு தெரியும். கணக்கைக் கேட்கிற மொழி தெரியவில்லை. இதில் என்னை உறுத்தியது வேறொன்று. "முன்னி: ஒரு எண்ணுக்கு முந்தைய எண்" என்று அச்சடித்த சார்ட் ஜூன் மாதத்திலிருந்தே அவன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியிலேயே ஆறு மாதம் உட்கார்ந்திருந்தான். அச்சடித்த சார்ட் சுவரை அழகாக்கும். அதிலிருக்கும் சொல் குழந்தையின் வாய்க்கு வர அது போதாது.

அதற்குப் பிறகு நான் சுவரை வேறு மாதிரி பயன்படுத்தத் தொடங்கினேன். ஒரு வாரத்துக்கு மூன்று சொல். குழந்தைகள் கையால் செய்து பார்த்து, வாயால் சொல்லிப் பார்த்த பிறகே ஒரு சொல் சுவரில் ஏறும். முழுதும் வசமான பிறகு இறங்கும். ஆசிரியர்கள் இதைச் சொற்சுவர் என்கிறோம். அதை அமைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன். என் அனுபவம் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில்தான். 4, 5ஆம் வகுப்புக்கும் இதே முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: சொற்களைப் பொறுக்கி எடுப்பது

பாடநூலில் ஒரு அலகைத் திறந்து, கையில் பென்சிலோடு உட்காருங்கள். உங்கள் வகுப்பின் சராசரிக் குழந்தை அதைத் தனியாகப் படித்தால் எங்கே தடுக்கும் என்று பார்த்து அடிக்கோடு இடுங்கள். தலைப்பில் தடித்த எழுத்தில் இருக்கும் சொற்களோடு நிறுத்திவிட வேண்டாம். பயிற்சிக் கேள்விகளையும் படியுங்கள். "விடுபட்ட எண்களை எழுதுக", "பொருத்துக", "கோடிட்ட இடங்களை நிரப்புக", "கீழ்க்கண்டவற்றுள் பெரிய எண்ணை வட்டமிடுக" என்று வரிசையாக வரும். இவையும் கணக்குச் சொற்கள்தான். கணக்கைத் தொடங்கும் முன்பே குழந்தை நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடிக்கோடிட்ட சொற்களை மூன்று கூடைகளில் போடுங்கள்.

முதல் கூடையில் கணக்கில் மட்டுமே வரும் சொற்கள்: முன்னி, தொடரி, இடமதிப்பு, செவ்வகம், கனச்சதுரம், ஈவு. இவற்றை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அதனால் புதிதாகக் கற்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பொருள் எதுவும் குறுக்கே வராது.

இரண்டாம் கூடை கொஞ்சம் தந்திரமானது. வீட்டில் ஒரு பொருள், வகுப்பில் வேறு பொருள் தரும் சொற்கள் இதில் வரும். 'பக்கம்' என்றால் புத்தகத்தில் ஒரு பக்கம், "என் பக்கம் வா" என்பதில் அருகே, முக்கோணத்தில் ஒரு கோடு. 'பெருக்கு' என்றால் காலையில் அம்மா வாசலில் செய்வது. 'கால்' நடப்பதற்கு, 'அரை' மாவுக்கு. "24க்கும் 19க்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டபோது ஒரு குழந்தை "24 இரட்டை எண், 19 ஒற்றை எண்" என்றது. வீட்டுத் தமிழில் அது முழுக்கச் சரியான பதில். அந்தப் பதிலைத் தவறு என்று ஒதுக்கிவிட்டால் குழந்தை அடுத்த முறை வாயைத் திறக்காது. "ஆமாம், அதுவும் வித்தியாசம்தான். கணக்குப் புத்தகத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை இருக்கிறது" என்று தொடங்குவதுதான் சரி. 'கூடுதல்' இன்னும் சிக்கல். "12, 5 இவற்றுள் எது கூடுதல்?" என்றால் விடை 12. "12, 5 இவற்றின் கூடுதல் என்ன?" என்றால் 17. ஒரு வேற்றுமை உருபில் விடையே மாறுகிறது.

மூன்றாம் கூடையில் சின்னச் சொற்கள்: எத்தனை, எவ்வளவு, விட, ஒவ்வொரு, தலா, ஆக, மட்டும். இவற்றை யாரும் சுவரில் போடுவதில்லை. என்னைக் கேட்டால் சுவரில் முதலில் ஏற வேண்டியவை இவைதான்.

'எத்தனை', 'எவ்வளவு' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணக் கூடியதற்கு எத்தனை, அளக்க வேண்டியதற்கு எவ்வளவு. எத்தனை குடம், எவ்வளவு தண்ணீர். குழந்தை இதைப் பேச்சில் தப்பில்லாமல் பயன்படுத்தும், ஆனால் அந்த வேறுபாட்டை நின்று பார்த்திருக்காது. அளவைப் பாடம் தொடங்கும் நாளில் ஒரு குடம் தண்ணீரை நடுவில் வைத்து, "இதில் தண்ணீர் எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். "நிறைய", "பாதி" என்று சொல்வார்கள். பிறகு ஒரு சொம்பைக் கொடுங்கள். மொண்டு ஊற்றி எண்ணுவார்கள். "எத்தனை சொம்பு?" "ஒன்பது." எவ்வளவு என்ற கேள்வி எத்தனை என்று மாறிவிட்டது. ஓர் அலகைத் தேர்ந்து, அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவதுதான் அளத்தல். நீளமோ எடையோ கொள்ளளவோ, எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு சொற்களே கதவு. அளவைப் பாடம் முழுக்க அந்த இரண்டு அட்டைகளும் அருகருகே தொங்கட்டும்.

'விட' இன்னொன்று. "முருகனிடம் 12 கோலிகள் உள்ளன. முருகனிடம் கண்ணனை விட 4 கோலிகள் அதிகம். கண்ணனிடம் எத்தனை?" பாதி வகுப்பு 16 என்று எழுதும். 'அதிகம்' என்ற சொல் கண்ணில் பட்டவுடன் கூட்டிவிடுகிறார்கள். யார் யாரை விட அதிகம் என்று இரண்டு கோலி வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்த குழந்தைக்கு 8 என்று தானாகத் தெரியும். அந்த இரண்டு வரிசைப் படமே 'விட' அட்டையின் படம்.

வாரத்துக்குக் கூடைக்கு ஒன்றாக மூன்று சொற்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் படி: இடமும் அட்டையும்

குழந்தைகள் தரையில் உட்காரும் வகுப்பு என்றால் நீங்களும் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து சுவரைப் பாருங்கள். அங்கிருந்து தெரியாத சொல் இல்லாத சொல்தான். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் (குழந்தைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் முறை) தமிழகம் முழுக்க வந்தபோது பல பள்ளிகளில் சுவரை ஒட்டிக் கீழ்மட்டக் கரும்பலகைகள் போடப்பட்டன. உங்கள் அறையில் அது இருந்தால் அதற்குச் சற்று மேலே உள்ள பகுதி நல்ல இடம். குழந்தை எட்டித் தொட முடிய வேண்டும், அதுதான் முக்கியம்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் டேப் நிற்காது, மழைக்காலத்தில் ஒரே இரவில் எல்லாம் விழுந்துவிடும். இரண்டு ஆணி அடித்துச் சணல் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்பில் அட்டைகளை மாட்டுவது நல்லது. கழற்றவும் எளிது. மின்விசிறிக் காற்றில் திரும்பிக்கொள்ளும் என்பதால் ஓர் அட்டைக்கு இரண்டு கிளிப் போடுங்கள். அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் போதும். நல்ல கனமாக இருக்கும், ஊரில் கேட்டால் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

எழுத்து குறைந்தது 5 செ.மீ. உயரம் இருக்கட்டும். தமிழ் எழுத்துகளில் சுழியும் கொம்பும் உண்டு. 'கி', 'கீ' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தூரத்திலிருந்து தெரியாது. கறுப்பு அல்லது கரும்நீல மார்க்கரில், அலங்காரம் இல்லாமல் எழுதுங்கள். மஞ்சளும் இளம்பச்சையும் எல்லைக்கோட்டுக்கு மட்டும்.

அட்டையில் நான்கு விஷயங்கள்: சொல், ஒரு படம், எண்ணில் ஓர் எடுத்துக்காட்டு, ஒரு குழந்தை சொன்ன வாக்கியம். பாடநூல் வரையறையை எழுத வேண்டாம். பின்பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வீட்டில் சொல்லும் சொல்லை எழுதுங்கள். மீதிக்குப் பின்னால் 'மிச்சம்', பூஜ்ஜியத்துக்குப் பின்னால் 'சைபர், ஜீரோ'.

மூன்றாம் வகுப்பு என்றால் 'இது இல்லை' என்று ஒரு கட்டமும் சேருங்கள். 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி ஃப்ரேயரும் அவரோடு பணியாற்றியவர்களும் வகுத்த நான்கு கட்ட முறையின் (பொருள், இயல்புகள், எடுத்துக்காட்டு, 'இது இல்லை') உயிர் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு எது பொருந்தும் என்பதோடு எது பொருந்தாது என்றும் தெரிந்தால்தான் எல்லை பிடிபடும். வட்டம் அட்டையில் வளையல், தட்டு, நாணயம் வரைந்தால் 'இது இல்லை' கட்டத்தில் பந்தும் முட்டையும். பந்தை வட்டம் என்று சொல்லாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

வடிவங்களுக்கு இன்னொரு சங்கதி. சதுரத்தை எப்போதும் நேராக நிற்க வைத்தே வரைகிறோம். அதைச் சற்றுத் திருப்பி முனையில் நிறுத்தினால் குழந்தைகள் 'டைமண்ட்' என்பார்கள், சதுரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வடிவ அட்டைகளை மட்டும் கிளிப்பில் மாட்டாமல் நடுவில் ஒரே ஒரு குண்டூசியால் ஒரு தெர்மாகோல் பலகையில் குத்துங்கள். போகிற வருகிற குழந்தை சுற்றிவிடட்டும். எப்படி நின்றாலும் சதுரம் சதுரமே என்று அதன் கையே கற்றுக்கொள்ளும். கன உருவங்களுக்குப் படத்தை விடப் பொருளே மேல். லூடோ பகடை கனச்சதுரம், நம்மூர் தாயக்கட்டை கனச்செவ்வகம், உழக்கு உருளை, பிறந்தநாள் தொப்பி கூம்பு. கயிற்றிலேயே கட்டித் தொங்கவிடலாம்.

மூன்றாம் படி: கை செய்த பிறகே சுவர்

இதுதான் முழு முறைக்கும் அடிப்படை. முதலில் செய்கை, பிறகு வீட்டுப் பேச்சு, பிறகு கணக்குச் சொல், பிறகு எழுத்து, கடைசியில் சுவர். ஒரு வாரம் எப்படிப் போகும் என்று 'ஈவு', 'மீதி' இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

திங்கள். 17 புளியங்கொட்டைகள், ஐந்து குழந்தைகள். "சண்டை வராமல் பங்கு போடுங்க." அவ்வளவுதான் கட்டளை. கணக்குச் சொல் எதையும் நான் சொல்வதில்லை. ஆளுக்கு மூன்று போய் இரண்டு தரையில் கிடக்கும். 13, 18, 21 என்று எண்ணிக்கையை மாற்றி மாற்றிச் செய்கிறோம்.

செவ்வாய். நேற்று என்ன நடந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். "ஆளுக்கு மூணு டீச்சர், ரெண்டு மிச்சம்." அதை அப்படியே கரும்பலகையில் எழுதுகிறேன். பிறகு, "இந்த மிச்சத்தைப் புத்தகம் மீதி என்று சொல்லும். கடையில் 10 ரூபாய் கொடுத்தால் மீதிச் சில்லறை வாங்குறோமே, அதே மீதி" என்கிறேன். ஈவுக்கும் வழி இருக்கிறது. ஈ என்றால் கொடு. ஒவ்வொருவருக்கும் ஈந்தது எத்தனையோ அதுதான் ஈவு. பெரியவர்கள் பலர் 'ஈவு' என்ற சொல்லை மனப்பாடமாகவே வைத்திருக்கிறோம். அது கொடுத்தல் என்ற பொருளிலிருந்து வந்தது என்று தெரிந்த குழந்தைக்கு ஈவு எது, மீதி எது என்று பிறகு மாறிப்போவதில்லை.

புதன். வாக்கியம். "___ஐ ___ ஆல் வகுத்தால் ஈவு ___, மீதி ___" என்ற சட்டத்தில் எண்களைப் போட்டு ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பில் 20 குழந்தைகள் என்றால் 20 பேரும் சொல்ல வேண்டும். நேரம் எடுக்கும். எடுக்கட்டும். ஆசிரியர் நூறு தடவை சொன்னாலும் சொல் ஆசிரியருடையதாகவே இருக்கும். அதே நாளில் ஒரு கேள்வியும் போடுவேன்: "17ஐ 5 பேருக்குப் பங்கு போட்டு ஆளுக்கு ரெண்டு கொடுத்தேன், மீதி 7. சரியா?" கொஞ்சம் அமைதி. பிறகு ஒரு குரல், "இன்னும் ஆளுக்கு ஒண்ணு கொடுக்கலாமே டீச்சர்!" மீதி ஏன் எப்போதும் வகுக்கும் எண்ணை விடச் சின்னதாக இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வியாழன். இருவர் இருவராக அட்டை தயாரிக்கிறார்கள். எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, தூரத்திலிருந்து எது நன்றாகப் புரிகிறது என்று அவர்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வெள்ளி. தேர்ந்த அட்டை சுவரில் ஏறும். ஏற்றும் ஜோடி அந்தச் சொல்லை வகுப்புக்கு விளக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் மாட்டுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். தினமும் பார்க்கும் சுவரில் பிழை தங்கக் கூடாது. கோணலான படம் அப்படியே இருக்கட்டும்.

எல்லாச் சொல்லுக்கும் ஐந்து நாள் வேண்டாம். முன்னி, தொடரி இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். குழந்தைகளை எண் வரிசையில் நிற்க வைத்து, முன்னால் நிற்பவர் முன்னி, தொடர்ந்து நிற்பவர் தொடரி என்றால் போதும்.

நான்காம் படி: சொல்லைக் குடும்பத்தோடு மாட்டுவது

அகரவரிசையில் சொற்களை அடுக்குவது கணக்குக்கு உதவாது. குடும்பம் குடும்பமாக மாட்டுங்கள்.

தமிழில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நம் சொற்கள் வால் முளைத்துக்கொண்டே போகும். 'கூட்டல்' என்று அட்டையில் படித்த குழந்தை கேள்வித்தாளில் 'கூட்டுக', 'கூட்டவும்', 'கூட்டினால்', 'கூட்டற்பலன்' என்று பார்க்கிறது. இவை எல்லாம் ஒரே சொல்லின் பிள்ளைகள் என்று நமக்குத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அவை ஐந்து வெவ்வேறு சொற்கள். அதிலும் 'பெருக்கற்பலன்' கடினம். பெருக்கல், பலன் இரண்டும் சேரும்போது 'ல்' போய் 'ற்' வந்துவிடுகிறது. உள்ளே பெருக்கல் ஒளிந்திருப்பது குழந்தையின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதனால் மேலே 'கூட்டு' என்ற தாய் அட்டை, கீழே கயிற்றில் பிள்ளைகள். எல்லா அட்டையிலும் மாறாத 'கூட்' பகுதியை ஒரு நிறத்திலும் மாறும் வாலை இன்னொரு நிறத்திலும் எழுதுங்கள். பாடநூலில் புதிய வால் கண்ணில் பட்டால் குழந்தைகளே வந்து சொல்வார்கள், "டீச்சர், 'கூட்டியபின்' கண்டுபிடிச்சிட்டேன்!" உடனே ஒரு சின்ன அட்டை. கணக்குப் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒன்றாக நடக்கும் இடம் இது.

'வகு' குடும்பத்துக்கு வகுப்பறைக்கு வெளியேயும் உறவுகள் உண்டு. பள்ளியைப் பிரித்துப் பிரித்து வைத்திருப்பதுதான் வகுப்பு. தலைமுடியை இரண்டாகப் பிரிக்கும் கோடு வகிடு. இதைச் சொன்ன அன்று பெண் பிள்ளைகள் எல்லாரும் வகிட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பின்னத்தில் கால், அரை, முக்கால் மூன்றும் கடைத்தெருவிலிருந்தே வருகின்றன. கால் கிலோ, அரை லிட்டர், ஏழே முக்கால் மணி. நாற்காலிக்கு நாலு கால், நாலில் ஒன்று கால் என்று ஒரு படம் வரைந்துவிட்டால் 1/4 மறக்காது.

எண் பெயர்களுக்குத் தனி வரிசை வேண்டும். இருபது, முப்பது, நாற்பது என்று ஒழுங்காக எண்பது வரை வந்து, அடுத்தது தொண்ணூறு என்று தடம் மாறுகிறது. காதில் 'நூறு' விழுவதால் சில குழந்தைகள் அதை மூன்று இலக்கமாக எழுதப் பார்க்கிறார்கள். 900 வரும்போது 'தொள்ளாயிரம்', அதில் ஆயிரம் கேட்கிறது. இந்த இரண்டு அட்டைகளுக்கும் சிவப்பு எல்லைக்கோடு போட்டு, பக்கத்தில் 9 பத்து, 9 நூறு என்று குச்சிக்கட்டு வரைந்து வையுங்கள். பன்னிரண்டு, முந்நூறு, ஐந்நூறு இவற்றில் நாமே பிழை விடுவதுண்டு. சுவரில் எழுதும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை வாயில் 'அஞ்சு', 'ஒம்போது' என்று சொன்னால் திருத்த வேண்டாம். எழுதும்போது சுவரைப் பார்த்து எழுதினால் போதும்.

ஐந்தாம் படி: தினம் ஐந்து நிமிடம்

பயன்படுத்தாத சுவர் இரண்டே வாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். என் வகுப்பில் நின்று நிலைத்தவை இவை.

திருடன் விளையாட்டு: எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் ஓர் அட்டையை எடுத்து ஒளித்துக்கொள்வார். எந்தச் சொல் காணோம், அதன் பொருள் என்ன என்று சொல்பவர் அடுத்த திருடன்.

நான் யார்: "எனக்கு நாலு பக்கம், நாலும் சமம். நான் யார்?" முதலில் நீங்கள் கேளுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு கேள்வியைக் குழந்தைகள் தயாரிக்கட்டும். "எனக்கு நாலு பக்கம்" என்பதோடு ஒரு குழந்தை நிறுத்திவிட்டால் மற்றவர்கள் செவ்வகமா சதுரமா என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சண்டையைத் தடுக்காதீர்கள்.

கடன்: கணக்குப் போடும்போது ஒரு சொல் மறந்துபோனால் குழந்தை எழுந்து போய் அந்த அட்டையைக் கழற்றித் தன் இடத்துக்கு எடுத்துவந்து, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டலாம். கிளிப் போடச் சொன்னது இதற்காகத்தான். யார் எந்த அட்டையை அடிக்கடி எடுக்கிறார்கள் என்று கவனித்தால் தனியாகத் தேர்வு வைக்க வேண்டாம்.

2022இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளை நிலை பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஒரே அட்டை மூன்று நிலைக்கும் உதவும். அரும்பு நிலையில் இருப்பவர் அட்டைக்குப் பொருளைக் காட்டட்டும், மொட்டு வாக்கியம் சொல்லட்டும், மலர் அந்தச் சொல்லை வைத்து ஒரு கணக்கு உருவாக்கட்டும். ஓராசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில் இது பெரிய ஆறுதல்.

சுவரில் எழுதவே கூடாத ஒன்று

"மொத்தம் என்றால் கூட்டு, மீதம் என்றால் கழி, ஒவ்வொரு என்றால் பெருக்கு." இப்படி ஒரு பட்டியல் பல வகுப்பறைகளில் இருக்கிறது. நானும் எழுதி வைத்திருக்கிறேன். முதல் மாதம் மதிப்பெண் கூடும். அப்புறம்தான் விபரீதம் தெரியும். "கூடையில் மொத்தம் 15 மாங்காய்கள். 6 விற்றுவிட்டன. எத்தனை உள்ளன?" பட்டியலைப் படித்த குழந்தை 21 என்று எழுதும். கதையைப் படிக்கவில்லை, 'மொத்தம்' என்ற சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டது. சொல்லைக் கற்பிப்பது கதையைப் புரிந்துகொள்ளத்தான், கதையைத் தாண்டிப் போக அல்ல.

அதற்குப் பதிலாக 'மொத்தம்' அட்டையில் இரண்டு கதைகளை எழுதுங்கள். மொத்தத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கதை ஒன்று, மொத்தத்தை முன்பே கொடுத்துவிடும் கதை ஒன்று. '=' குறிக்கும் இதே கவனம் தேவை. 'சமம்' அட்டையில் ஒரு தராசுப் படம் வரைந்து, 8 + 4 = __ + 5 என்று எழுதி வைத்தேன். முதலில் எல்லாரும் 12 என்றார்கள். '=' என்றால் 'விடை எழுது' என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். இரண்டு தட்டிலும் கொட்டைகளை வைத்துப் பார்த்த பிறகு 7 வந்தது.

ஒரு குழந்தை கதைக் கணக்கில் தவறினால் எங்கே தவறியது என்று பார்க்க ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் முன்வைத்த ஐந்து கேள்விகள் எனக்கு மிகவும் உதவுகின்றன. கேள்வியை வாசித்துக் காட்டு. என்ன கேட்டிருக்கிறார்கள் என்று உன் வார்த்தையில் சொல். எப்படிச் செய்யப் போகிறாய்? செய்து காட்டு. விடையை எழுது. முதல் இரண்டில் தடுக்கினால் அது சொற்சுவரின் வேலை. இன்னும் பத்துக் கழித்தல் கணக்கு கொடுப்பதால் அது சரியாகாது.

ஆங்கில வழிப் பிள்ளைகளும் வேறு மொழிப் பிள்ளைகளும்

ஆங்கில வழிப் பிரிவில் ஒரு சொல் தனியாகக் கவனிக்க வேண்டியது: 'சம்' (sum). நம் ஊரில் எந்தக் கணக்கையும் "சம் போடு" என்றுதான் சொல்கிறோம். அது கழித்தலாக இருந்தாலும் சம்தான். பாடநூலில் அதே சொல் கூட்டற்பலனை மட்டும் குறிக்கிறது. குழந்தை குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தப் பிரிவில் அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ்ச் சொல் இருக்கட்டும். பொருளைத் தமிழில் பேசிப் புரிந்துகொண்ட பிறகு ஆங்கிலச் சொல்லைப் பொருத்துவது எளிது.

திருப்பூர், சென்னை போன்ற ஊர்களில் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். எல்லையோரங்களில் தெலுங்கும் கன்னடமும். அந்தக் குழந்தையிடம் "உங்க வீட்டில் இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டு அதையும் அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ஒரு நிமிட வேலை. அன்றிலிருந்து அந்தச் சுவர் அந்தக் குழந்தைக்கும் சொந்தம்.

ஆறாம் படி: சொல் இறங்கும் நேரம்

ஒரே நேரத்தில் 20, 25 அட்டைகளுக்கு மேல் சுவரில் வேண்டாம். கூட்டமாகிவிட்டால் தேடுவதே வேலையாகிவிடும். ஒரு சொல்லை இறக்க மூன்று சோதனை வைத்திருக்கிறேன். குழந்தைகள் அதை யாரும் தூண்டாமல் பேச்சில் பயன்படுத்துகிறார்களா? அட்டையைத் திருப்பி வைத்தாலும் எழுத முடிகிறதா? புதிய கணக்கில் வந்தால் தயங்காமல் படிக்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அட்டை ஒரு ஸ்வீட் பெட்டிக்குள் போகும். பெட்டிக்கு 'தெரிந்த சொற்கள்' என்று பெயர். மாதம் ஒருமுறை பெட்டியைக் கொட்டி, கை விட்டு எடுத்த சொல்லை விளக்கச் சொல்வோம். தடுமாறினால் அந்தச் சொல் வெட்கமில்லாமல் மறுபடி சுவரேறும்.

தேர்வு நாளில் சுவரை மறைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வகுப்புத் தேர்வில் நான் மறைப்பதில்லை. சுவரில் விடை இல்லை, சொல்தான் இருக்கிறது. சொல்லைப் பார்த்துக் கணக்கைச் செய்தால் அவர்களுக்குக் கணக்கு தெரிகிறது என்று எனக்குத் தெரியும், அதைத்தானே சோதிக்கிறேன். பருவத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மட்டும் அட்டைகளைத் திருப்பி மாட்டிப் பழக்குவேன்.

ஏப்ரலில் அட்டைகளை எழுதிய குழந்தைகளிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கு என்று பத்திரப்படுத்த வேண்டாம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவை இன்னொரு அச்சடித்த சார்ட் மாதிரிதான். ஜூனில் அவர்கள் உள்ளே வரும்போது சுவரில் கயிறும் கிளிப்பும் மட்டும் இருக்கட்டும். "இது எதுக்கு டீச்சர்?" என்று முதல் நாளே யாராவது கேட்பார்கள்.